ஆறு கேன் கடல்

துய்மா வீதியில் ரிச்சர்ட் வீட்டுக்குள் நுழைந்த ஏழாவது நிமிடத்தில் செம்மல் ஒரு பிளக்கைப் பிடுங்கினான்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. போனில் இரண்டு சதவீதம் சார்ஜ்தான் மிச்சம். கூடம் முழுக்கக் கண்ணால் துழாவியதில் கிடைத்தது ஒரே ஒரு பாயின்ட். அதில் ஏதோ ஒரு கறுப்பு ஒயர் சும்மா செருகியிருந்தது. சும்மா செருகியிருக்கிற ஒயர் என்று உலகத்தில் எதுவும் கிடையாது என்பது முப்பத்து நான்கு வயதாகியும் அவனுக்குத் தெரியாது. பிடுங்கினான். சார்ஜரைச் செருகினான். கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாகத் தன் முதலாளிக்குப் பின்னால் போய் நின்றான்.

முதலாளி கார்குழலி. உப்பளம் பகுதியில் டயர் கடைக்கு மேல் ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். அதற்கு முன் கல்லூரிப் பேராசிரியை. பரீட்சைக் காலத்தில் பறக்கும் படை. பிட் வைத்திருப்பவனின் முழியை வாசலிலிருந்தே படித்துவிடுவாள். செம்மலே அப்படி அவளிடம் பிடிபட்டவன்தான். வாட்ச் ஸ்ட்ராப்புக்குள் நான்கு பக்கத்தை அடக்கிய அந்தக் கைவண்ணத்தை அவள் மறக்கவில்லை. பத்து வருடம் கழித்துக் கூப்பிட்டு வேலை கொடுத்தாள். நிலையத்துக்கு வருகிற வழக்கெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா, பொண்ணு முன்னாடி யாரையாவது விரும்பினாளா என்கிற ரகம். மீன் காணாமல் போன வழக்கு இதுதான் முதல்.

"காணாமப் போகல," என்று திருத்தினார் ரிச்சர்ட். "மாத்திட்டாங்க."

ரிச்சர்டுக்கு அறுபத்தெட்டு வயது. பிரெஞ்சு ராணுவத்தில் சமையல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். காலை ஒன்பது மணிக்கே இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. தெரு முழுக்க அவரை முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சௌகரியமான விஷயங்களைத் தமிழில் பேசுவார். சங்கடமான கேள்வி வந்தால், திடீர் மழைக்குக் கடையோரம் ஒதுங்குகிற மாதிரி பிரெஞ்சுக்குள் ஒதுங்கிவிடுவார்.

கூடத்தின் நடுவே ஆறடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே எலுமிச்சம்பழ அளவில் ஒரே ஒரு மீன். கருநீல உடம்பு. வாலருகே ஒரு வெள்ளை வட்டம், அதைச் சுற்றி இன்னொன்று, அதையும் சுற்றி இன்னொன்று. குளத்தில் கல்லெறிந்துவிட்டு அந்த அலையை எடுத்து உடம்பில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"என் மனைவி வாங்கினது. மூணு வருஷம் முன்னாடி. அப்ப கட்டைவிரல் அளவுதான்," என்றார் ரிச்சர்ட். "எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. அதனால பெபேன்னு பேர் வெச்சா, குழந்தைன்னு. அடுத்த வருஷம் அவ போயிட்டா. நானும் கொஞ்ச நாள் இருந்து பார்த்தேன். முடியல. தம்பி வீட்டுக்கு, கடல் தாண்டி துலோனுக்குப் போயிட்டேன். பதினாலு மாசம் கழிச்சுப் போன சனிக்கிழமைதான் திரும்பி வந்தேன். வந்து முதல் வேலையா இதைப் பண்ணினேன்."

எழுந்து போய், கண்ணாடியில் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக ஒரு வட்டம் போட்டார். இன்னொரு வட்டம். மீன் ஒரே பாய்ச்சலில் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"பார்த்தீங்களா? தினம் ராத்திரி சாப்பாடு முடிஞ்சு, வேலைக்காரம்மா படுக்கப் போனப்புறம், நானும் அவளும் இந்த விளையாட்டு விளையாடுவோம். பெபே விரல் கூடவே சுத்தும். இது ஓடுது. இது பெபே இல்ல. போலீஸ்ல சொன்னேன், சிரிச்சாங்க."

"முசியே, பதினாலு மாசம் ஆச்சு, மறந்திருக்கும்," என்றான் செம்மல். "எங்க மாமா துபாய்லேருந்து ரெண்டு வருஷம் கழிச்சு வந்தப்ப, கதவைத் தொறந்த எங்க அத்தையே யாருங்க வேணும்னு கேட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. கூடம் என்னவோ ஏற்கெனவே ரொம்ப அமைதியாகிவிட்டதுபோல் அவனுக்குத் தோன்றியது. அந்த அமைதியில் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. களக், களக், களக். காலையில் டிபன் சாப்பிடாமல் வந்தது ஞாபகம் வர, நாசூக்காக வயிற்றை அமுக்கிக்கொண்டான்.

"ஐயோ மாதாவே! தொட்டியில குமிழி நின்னு போச்சே!"

உள்ளிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள் ஒருத்தி. நாற்பத்தைந்து வயதிருக்கும். மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவள் நேராகப் பாயின்டுக்குப் போய், செம்மலின் சார்ஜரைக் கழற்றி எறிந்து, கறுப்பு ஒயரைச் செருகினாள். தொட்டியில் குமிழிகள் மறுபடி கிளம்பின. பிறகுதான் மூச்சு விட்டாள். திரும்பி செம்மலைப் பார்த்த பார்வையில், அவன் அப்படியே சுருங்கி ஸ்விட்ச் போர்டுக்குள் போய்விட்டால் தேவலை என்று நினைத்தான்.

"யாரு இந்த நல்ல காரியத்தைப் பண்ணது?"

"நான்தான். போன்ல சார்ஜ் இல்ல. தெரியாம…"

"உங்க போனு செத்தா வேற வாங்கலாம் தம்பி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் காபி வந்தது. கோபத்தில் போட்ட காபியில்கூடச் சர்க்கரை சரியாக இருந்தது. செம்மல் அப்போதே அவள் கட்சிக்குத் தாவிவிட்டான்.

துரதிருஷ்டம், அவள்தான் குற்றவாளி.

"ரோசா," என்றார் ரிச்சர்ட், அவள் காதில் விழட்டும் என்றே. "பதினோரு வருஷமா இங்கதான் இருக்கா. பின்கட்டு ரூம்ல. நான் இல்லாதப்ப வீட்டுச் சாவி அவகிட்டதான். என் பெபேவை வித்துட்டு இதைப் பிடிச்சு விட்டிருக்கா. கேட்டா வாயைத் திறக்கல. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள காலி பண்ணணும்னு சொல்லிட்டேன். தெருவுல நாலு வீட்டுலயும் சொல்லிட்டேன்."

செம்மல் காபி டம்ளரைக் கீழே வைத்தான். நாலு வீட்டில் சொன்னது மாலைக்குள் நாற்பது வீட்டுக்குப் போகும். திருடி என்று பெயர் வாங்கியவளை இந்த ஊரில் யார் வீட்டுக்குள் விடுவார்கள்?

"முசியே, நெசமாவே அனுப்பிடுவீங்களா?"

ரிச்சர்ட் தோளைக் குலுக்கினார். "செ கொம்ப்ளிக்கே." சிக்கலான விஷயமாம்.

"அப்ப நாங்க எதுக்கு?"

"பெபே எங்கன்னு கண்டுபிடிக்க. அவ எங்க போனா எனக்கென்ன? எனக்கு பெபே வேணும்."

கார்குழலி காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கேட்டாள்: "பதினாலு மாசத்துல ஒரு தடவைகூட மீனைப் பார்க்கலியா முசியே?"

"பார்க்காம? ஞாயித்துக்கிழமை தவறாம வீடியோ கால். ரோசா போனைத் தொட்டிகிட்ட காட்டுவா. நான் ஒரு படம் பிடிச்சு வெச்சுப்பேன்."

டேப்லெட்டை நீட்டினார். உள்ளே அறுபது ஞாயிற்றுக்கிழமைகள். அறுபதிலும் ஒரே மீன், ஒரே வளையம். செம்மல் பொறுமை இல்லாதவன். விரலால் சரசரவென்று தள்ளினான். சினிமா மாதிரி ஓடியது. மீன் மெல்ல வளர்ந்தது, வளர்ந்தது, சடாரென்று பாதியாகச் சுருங்கியது. மறுபடி வளர்ந்து, மறுபடி சுருங்கியது.

"மேடம்! மீன் நடுநடுவுல இளைக்குது!"

"மீன் டயட் இருக்காதுடா. தேதியைப் பாரு."

முதல் சுருக்கம் போன நவம்பர். இரண்டாவது இந்த ஜூன்.

"ஒரு தடவை இல்ல முசியே, ரெண்டு தடவை மாத்தியிருக்காங்க," என்றாள் கார்குழலி. "இன்னொண்ணும் கவனிங்க. ஒவ்வொரு தடவையும் மாத்தறதுக்கு முந்தின மூணு வாரம் படம் தூரத்துலேருந்து இருக்கு. மங்கலா. போனைத் தள்ளித் தள்ளிப் பிடிச்சிருக்காங்க."

ரிச்சர்டின் முகம் வெற்றியில் சிவந்தது. சமையற்கட்டு வாசலில் நின்ற ரோசாவின் முகம் வெளுத்தது. செம்மல் தன் சுறுசுறுப்பான விரலைச் சபித்துக்கொண்டான். காலையிலிருந்து அந்த விரல் செய்த இரண்டு காரியமும் விளங்கவில்லை.

"ரோசாக்கா," என்றான். "நீங்கதான் மாத்தினீங்களா?"

"இன்னொரு காபி வேணுமா தம்பி?" என்றாள் ரோசா.

---

வாசலில் ஹாரன் சத்தம். டிவிஎஸ் ஐம்பது ஒன்று, தன் எடையைவிட அதிகமாக எதையோ சுமந்துகொண்டு முனகியபடி நின்றிருந்தது. இரண்டு பக்கமும், பின்னாலும் பெரிய வெள்ளை கேன்கள். நடுவில் இடுக்கில் ஓர் ஆள்.

கார்குழலி வெளியே போனாள். செம்மலும் போனான்.

"யாருப்பா நீ?"

"நீங்க யாரு?" என்றான் அந்த ஆள்.

அவன் பெயர் கன்னியப்பன், ஊர் வீராம்பட்டினம் என்று கறக்கவே ஐந்து நிமிடம் ஆனது. வண்டியின் பின்சீட்டை அணைத்துக் கட்டியிருந்த கேன் ஒன்றைத் தட்டி, "இதுல என்ன? சாராயமா?" என்று செம்மல் கேட்டான்.

"கடல்."

"என்னது?"

"கடல் தண்ணி சார். தொட்டி மீனுக்கு உப்பு கலந்து ஊத்தலாம்பாங்க. இந்த வீட்டு அம்மா இருந்தப்பவே அசல் கடல்தான் வேணும்னுட்டாங்க. காலைல வலை இழுக்கப் போறப்ப, கரையோரம் கலங்கலா இருக்கும்னு உள்ள போயி மொண்டுக்கிட்டு வருவேன். பொதன்கிழமைக்குப் பொதன்கிழமை."

"ஒரு நடைக்கு மூணு கேனா?"

"இன்னா சார், மூணா? இது ரெண்டாவது நடை. ஆறு."

கார்குழலி கேன்களை ஒரு முறை பார்த்தாள். "எப்பவுமே ஆறா?"

"எப்பவும் ரெண்டுதான். போன வருஷம் தீபாவளி முடிஞ்சு நாலு ஆச்சு. இந்த வருஷம் ஸ்கூல் தொறந்தப்ப ஆறு ஆச்சு. எதுக்குன்னு கேட்டேன். ரோசாக்கா, உனக்கு ஊத்தறதுக்கு வலிக்குதா, கடலுக்கு வலிக்குதான்னு கேட்டுச்சு. நான் வாயை மூடிக்கிட்டேன்."

நவம்பர், ஜூன். செம்மல் விரலை மடக்கி எண்ணினான்.

"கேனை எங்க எறக்குவே?"

"பின்பக்கம் கதவுகிட்ட. உள்ள வரக்கூடாதுன்னு உத்தரவு."

அவன் போனதும் செம்மல் பொரிந்து தள்ளினான். "மேடம், எனக்குப் புரிஞ்சுபோச்சு. பின்கட்டுல கள்ளத்தனமா மீன் பண்ணை. பாரிஸ் வரைக்கும் ஏற்றுமதி. ரோசாக்கா வெறும் கைப்பாவை. பின்னாடி ஒரு பெரிய கும்பல் இருக்கு."

"அந்தப் பெரிய கும்பல்தான் டிவிஎஸ் ஐம்பதுல ரெண்டு நடை அடிக்குதா?" என்றாள் கார்குழலி. "தொட்டி ஒண்ணு. அதுக்கு வேணுங்கறது ரெண்டு கேன். மிச்சம் நாலு கேன் கடலை ஒருத்தி வாராவாரம் எங்க வெச்சுக்கறான்னு யோசி. முதல்ல அந்த வளையம் போட்ட மீனை யார் விக்கறாங்கன்னு பார்ப்போம்."

---

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், பூக்கடைகளைத் தாண்டிய சந்தில் பிரேம்குமாரின் வண்ணமீன் கடை. இதைக் கண்டுபிடிப்பதற்குள் செம்மல் அவர்களை நான்கு தப்பான கடைகளுக்கு அழைத்துப் போனான். அதில் ஒன்று கருவாட்டுக் கடை. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. ரோசாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

"வளையம் போட்ட நீல மீன் இருக்கா?"

"வாங்க வந்தீங்களா, விசாரிக்க வந்தீங்களா?" என்றார் பிரேம்குமார்.

இன்றைக்கு இந்த ஊரில் எவனும் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று கூட்டம் போட்டு முடிவெடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று செம்மல் நினைத்தான். கார்குழலி தன் பறக்கும் படைப் பார்வையை லேசாகத் திறந்து காட்டினாள். பிரேம்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரோசாக்காவா? ரெண்டு தடவை வாங்கினாங்க மேடம். போன்ல ஒரு படத்தைக் காட்டி, இதே வளையம், இதே அளவு வேணும்னாங்க. அளவு ரொம்பச் சின்னதாத்தான் கெடைச்சுது. வேற வழியில்லாம எடுத்துக்கிட்டாங்க."

"பழைய மீனை உங்ககிட்ட வித்தாங்களா?"

"ஒரு செதில்கூட விக்கல."

"பழசு என்னாச்சுன்னு நீங்க கேக்கலியா?" என்றான் செம்மல்.

"எங்க தொழில்ல பழைய மீன் என்னாச்சுன்னு கேக்கறது, எழவு வீட்டுக்குப் போயி எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கற மாதிரி சார்."

ஆக, ரோசாதான். வாங்கியது அவள், மாற்றியது அவள், மறைத்தது அவள். செம்மலின் கட்சி டெபாசிட் இழந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குள் நடந்தான். கடைசி வரிசையில், ஒரு பழைய சாக்குப் படுதாவுக்குப் பின்னால் ஒரு சின்னத் தொட்டி. படுதாவை விலக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே இருந்த மீனின் பின்பாதியில் வெள்ளை வளையங்கள் உடைந்து உடைந்து கிடந்தன. முன்பாதியில் மஞ்சள் கோடுகள். கண்ணருகே கறுப்பாக ஒரு அழுக்கு. தையல்காரர் பாதியில் கைவிட்டு, மிச்சத்துக்கு வேறு துணி வைத்து ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தது.

"மேடம், இங்க பாருங்க! ரெண்டு மீனை நடுவுல ஸ்டேப்ளர் அடிச்சு வெச்சிருக்காரு."

"அதை மூடுங்க சார்," என்றார் பிரேம்குமார். "அது விக்காது. இந்தக் கோலத்துல யாரும் வாங்க மாட்டாங்க."

கார்குழலி வந்தாள். குனிந்தாள். வெகுநேரம் நிமிரவே இல்லை.

அப்போது பார்த்து, கருவாட்டுக் கடையில் சார்ஜ் ஏற்றிக்கொண்ட செம்மலின் போன் அடித்தது. ரிச்சர்ட். "அவ பெட்டியைக் கட்டி வாசல்ல வெச்சுட்டா. நீங்க எங்க இருக்கீங்க? பெபே கெடைச்சுதா?"

செம்மல் வாசல் பக்கம் ஒதுங்கினான். "முசியே, ஒரு நிமிஷம் யோசிங்க. அவங்களை அனுப்பத்தான் போறீங்களா?"

"ஓன் வெர்ரா," என்றார் ரிச்சர்ட். பார்ப்போம் என்று அர்த்தம். போனை வைத்துவிட்டார்.

செம்மல் திரும்பிப் பார்த்தபோது, தொட்டிகளின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார்குழலி எதையோ கேட்க, பிரேம்குமார் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இருவர் முகத்துக்கும் நடுவே தங்கமீன்கள் சாவகாசமாகப் போய்வந்துகொண்டிருந்தன. திடீரென்று கார்குழலி சிரித்தாள். அவள் சிரித்துச் செம்மல் பார்த்தது, அவனுடைய வாட்ச் ஸ்ட்ராப்பைக் கழற்றியபோது ஒரு தடவை. இது இரண்டாவது.

"என்ன மேடம்? என்ன சொன்னாரு?"

"ஆட்டோவைப் புடி."

ஆட்டோ கிளம்பி இரண்டு தெரு போனதும், அவள் சம்பந்தமே இல்லாமல் கேட்டாள். "காலையில ஏன் வயித்தைப் புடிச்சுக்கிட்டு நின்னே?"

"பசி மேடம். நீங்க பேசறப்ப களக் களக்குன்னு கத்துச்சு. மானம் போச்சு."

"மத்தியானம் சாப்பிட்டியா?"

"எங்க? கருவாட்டுக் கடையில மோந்து பார்த்ததோட சரி."

"அப்ப காலையைவிட இப்ப பசி ஜாஸ்தி. இப்பக் கத்துதா?"

செம்மல் காது கொடுத்துக் கேட்டான். ஆட்டோ கத்தியது. ஆட்டோக்காரர் கத்தினார். வயிறு மட்டும் சமர்த்தாக இருந்தது.

---

ரோசாவின் பெட்டி வாசற்படியில் இருந்தது. பக்கத்தில் அவள். கையில் துணிப் பை. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை. ரிச்சர்ட் கூடத்தில் கையைப் பின்னால் கட்டி நின்றிருந்தார்.

"ரோசாம்மா, உள்ள வாங்க," என்றாள் கார்குழலி. "முசியே, இந்த வீட்டுல பூட்டியிருக்கற ரூம் ஏதாவது இருக்கா?"

"மதாமோட, என் மனைவியோட பாத்ரூம். அவ போனதுலேருந்து நான் தொறக்கல. தொறக்கவும் மாட்டேன்." குரல் உடனே பிரெஞ்சுக்கு ஒதுங்கிக்கொண்டது. அதற்கப்புறம் வந்த நாலைந்து வாக்கியத்தில் செம்மலுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும், நல்ல வார்த்தை எதுவும் இல்லை என்று மட்டும் புரிந்தது.

"தொறக்க வேணாம். செம்மல், காலையில பண்ணினதை இன்னொரு தடவை பண்ணு."

"மேடம், ரோசாக்கா என்னைக் கொன்னுடுவாங்க."

"பண்ணுடா."

செம்மல் போய், உலகத்தில் சும்மா செருகியிருக்காத அந்த ஒயரைப் பிடுங்கினான். கூடத்துத் தொட்டியில் குமிழிகள் நின்றன.

களக், களக், களக்.

கூடத்தை ஒட்டிய நடையின் கடைசியில், பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

ரிச்சர்ட் நகரவில்லை. ரோசா மெதுவாகப் போய் ஒயரைத் திரும்பச் செருகினாள். பிறகு, கழுத்துச் செயினில் சிலுவையோடு கோத்திருந்த சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"மன்னிச்சிடுங்க முசியே. வேற எடம் இல்ல."

ரிச்சர்டே கதவைத் திறந்தார். மதாமின் சோப்பு, சீப்பு, பவுடர் டப்பா எல்லாம் வைத்த இடத்தில் தூசு படாமல் இருந்தன. மூலையில், பாதியாக அறுத்த நீல ட்ரம் ஒன்றில் ஒரு மீன், கடையில் பார்த்த அதே பாதிச் சட்டையோடு. வெள்ளைப் பீங்கான் குளியல்தொட்டி நிறையக் கடல். அதில், விரித்த கையளவுக்கு ஒரு மீன் மிதந்துகொண்டிருந்தது. உடம்பின் நீளத்துக்கும் மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள், கண்ணை மறைத்துக் கறுப்பு முகமூடி, மஞ்சள் வால். வேறு வேலை இருக்கிற ராஜா மாதிரி, வந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"யாரு இது?" என்றார் ரிச்சர்ட்.

ரோசா அழுதுவிட்டாள். "பெபேதான் முசியே. நான்தான் கெடுத்துட்டேன். போன வருஷம் நவம்பர்ல, கல்லறைத் திருநாள் கழிச்சு மூஞ்சியில மஞ்சளாக் கெளம்புச்சு. வளையமெல்லாம் ஒடைய ஆரம்பிச்சுது. ஏதோ சீக்கு. தண்ணி மாத்தறதுல என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனைச்சேன். நீங்க ஞாயித்துக்கெழமைன்னா கேக்கறது ஒண்ணுதான். பெபே அப்படியே இருக்கா, அப்படியே இருக்கான்னு. மதாம் குடுத்த மீனு இப்படி ஆயிப்போச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அதே மாதிரி ஒண்ணு வாங்கி விட்டேன். ஏழு மாசத்துல அதுக்கும் அதே சீக்கு. இன்னொண்ணு வாங்கினேன். சீக்கு வந்ததுங்களைக் கொல்ல மனசு வரல. ஒண்ணா விட்டா அடிச்சுக்குதுங்க, அதான் தனித்தனியா வெச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாகவும் மாட்டேங்குதுங்க முசியே. கொழுத்துக்கிட்டே போகுதுங்க. சீக்கு வந்து கொழுக்கற மீனை நான் பார்த்ததே இல்ல."

"திருடின்னு சொன்னப்பக்கூடச் சொல்லலியே ரோசாக்கா?" என்றான் செம்மல்.

"திருடின்னா எனக்கு மட்டும்தான் கஷ்டம்."

கார்குழலி குளியல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "ரோசாம்மா, அது சீக்கு இல்ல. இந்த ஜாதி மீன் சின்னதா இருக்கறப்ப நீலச் சட்டை, வெள்ளை வளையம். பெரிசானா மஞ்சக் கோடு, முகமூடி. பெரிய மீனுங்க தன் இடத்துக்குள்ள தன்னை மாதிரியே இன்னொண்ணு வந்தா அடிச்சுத் தொரத்துமாம். அதனால குட்டிங்க வேற சட்டை போட்டுக்கிட்டுத் திரியுதுன்னு சொல்றாங்க. நல்லா வளர்ந்தா, தானா மாறும்."

"இதைக் கடைக்காரர் ஏன் அவங்ககிட்டச் சொல்லல?" என்றான் செம்மல்.

"அதைத்தான் நானும் கேட்டேன். அவர் சொன்னாரு, எங்கிட்ட வாங்கின ஒருத்தர்கூட அது மாறுற வரைக்கும் உயிரோட வெச்சிருந்ததில்ல மேடம், எதுக்குச் சொல்லணும்னு. ரோசாம்மா ரெண்டு மீனை மாற வெச்சிருக்காங்க, ஒண்ணு குளியல்தொட்டியில, ஒண்ணு ட்ரம்முல." ரிச்சர்டைப் பார்த்தாள். "நீங்க சொன்னது சரிதான் முசியே. கூடத்துல அப்படியே இருக்கறது வெளியிலேருந்து வந்தது. ஆளே மாறிப்போய் இங்க கெடக்கே, இதுதான் உங்க வீட்டு மீன்."

ரிச்சர்ட் நம்பவில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. பிறகு, பாலிஷ் போட்ட ஷூவோடு, ஈரத்தரையில் மண்டியிட்டார். இஸ்திரி கலையாத சட்டைக் கையோடு ஆள்காட்டி விரலைத் தண்ணீருக்குள் விட்டு, மெதுவாக ஒரு வட்டம் போட்டார்.

மீன் கவனிக்கவில்லை.

செம்மல் ரோசாவின் பக்கம் பார்க்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டான்.

ரிச்சர்ட் இன்னொரு வட்டம் போட்டார். முகமூடி லேசாகத் திரும்பியது. மூன்றாவது வட்டம் பாதியில் இருக்கும்போது அந்த மஞ்சள் ராஜா சாவகாசமாக வந்தது. விரலுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டு ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. விரல் நின்றது. மீன் வந்து அதன் நுனியைக் கவ்விப் பார்த்துவிட்டு விட்டது.

"எத்தனை பெரிசாயிட்டே," என்றார் ரிச்சர்ட். யாரிடம் என்று தெரியவில்லை.

கோயில் மணி ஆறு அடித்தது. ரோசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டினாள். "பொதன்கிழமைக்குப் பொதன்கிழமை தண்ணி மாத்தணும் முசியே. ஒரேடியா மாத்தக்கூடாது, பாதிதான் மாத்தணும். ட்ரம்முல இருக்கறதுக்குக் கீரையை வேக வெச்சுப் போடணும், அது வேற எதையும் தின்னாது. வரேன்."

செம்மலால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து ஒரு ஊரையே கேள்வி கேட்டு, திரும்பத் திரும்பக் கேள்வியையே வாங்கிக்கொண்டு அலைந்தவன் அவன். வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"முசியே, மூணாவது தடவையாக் கேக்கறேன். இவங்களை அனுப்புவீங்களா, மாட்டீங்களா?"

ரிச்சர்ட் தலையை நிமிர்த்தினார். கண் இரண்டும் நனைந்திருந்தன. "செ…" என்று ஆரம்பித்தார். செம்மல் கண்ணை மூடிக்கொண்டான். போச்சு, மறுபடி ஒதுங்கிவிட்டார்.

களக், களக் என்று குமிழி மட்டும் கேட்டது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். ரிச்சர்டின் விரல் இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது. மீன் அதை விட்டுப் போகவில்லை. அவர் ரோசாவின் பையைப் பார்த்தார். மதாமின் சீப்பைப் பார்த்தார், அதில் தூசு இல்லாததைப் பார்த்தார். அப்புறம் செம்மலின் முகத்தைப் பார்த்து, நல்ல தமிழில், ஒரே வார்த்தையில் சொன்னார்.

"மாட்டேன்."